லியாண்டரில் 105 நாள் காலியாகக் கிடந்த வீடு

டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்கு வடமேற்கே லியாண்டர் என்ற புறநகர் இருக்கிறது. அங்கே நான்கு படுக்கையறையும் ஏறத்தாழ 2,100 சதுர அடியும் கொண்ட ஒரு தனி வீடு, 2023 டிசம்பர் 1 முதல் 2024 மார்ச் 14 வரை வாடகைக்கு ஆளில்லாமல் கிடந்தது. வீட்டுக்காரர் என் நண்பர். கணவனும் மனைவியும் மென்பொருள் துறையில் இருப்பவர்கள். குடியிருக்கும் வீட்டைத் தவிர முதலீடாக அவர்கள் வாங்கிய ஒரே வீடு இதுதான். வரிக் கணக்கு முடிப்பதற்காக அவருடைய பதிவுகளை வரிவரியாகப் பார்க்க உட்கார்ந்தபோது, இந்த 105 நாள் எப்படி வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டுமென்று தோன்றியது. அடையாளம் தெரியக் கூடாதென்று அவர் கேட்டுக்கொண்டதால் தெருவின் பெயரையும் குடியிருப்பின் பெயரையும் விட்டுவிட்டு, தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

வாங்கிய காலம்

2022 மார்ச்சில் வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மே மாதம் பத்திரம் முடிந்தது. அன்றைய ஆஸ்டினின் மனநிலையை நினைவில் கொள்ளாமல் அந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. தலைமையகத்தை ஆஸ்டினுக்கு மாற்றுவதாக ஆரக்கிள் 2020 டிசம்பரில் அறிவித்தது; 2021 இறுதியில் டெஸ்லா வந்தது; அதே ஆண்டு நவம்பரில், அருகிலுள்ள டெய்லர் நகரில் 1,700 கோடி டாலர் செலவில் சிப் ஆலை கட்டப்போவதாகச் சாம்சங் சொன்னது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானதும் கலிபோர்னியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 2021 ஜூலையிலிருந்து 2022 ஜூலை வரையான ஓராண்டில் பக்கத்து ஊரான ஜார்ஜ்டவுனின் மக்கள்தொகை 14.4 சதவீதம் கூடியது. 50,000 பேருக்கு மேல் வசிக்கும் அமெரிக்க நகரங்களில் அதுவே முதலிடம். லியாண்டரும் அதே ஆண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. முப்பதாண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கியிருந்தது. நண்பர் வாங்கிய நேரத்தில் வட்டி ஏறத் தொடங்கிவிட்டது என்றாலும், 'இப்போது வாங்காவிட்டால் எப்போதுமே வாங்க முடியாது' என்ற பேச்சுதான் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியது.

விலை 5,20,000 டாலர். கால் பங்கைக் கையிலிருந்து போட்டு, மீதி 3,90,000 டாலரை 5 சதவீத வட்டிக்கு முப்பதாண்டுக் கடனாக எடுத்தார்கள். அசலும் வட்டியும் மாதம் 2,100 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால், பள்ளியையும் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தையும் நடத்தும் செலவில் பெரும்பகுதி சொத்து வரியில்தான் வந்து விழுகிறது. புதிதாக உருவான குடியிருப்புகளில் தண்ணீர், கழிவுநீர் வசதிக்காக வெளியிட்ட கடன் பத்திரங்களை அடைப்பதற்கென்று 'மட்' எனப்படும் தனி வரி வேறு உண்டு. இரண்டும் சேர்ந்து மாதம் 950 டாலர். சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் என்ற சொத்து வரி விலக்கு, வாடகைக்கு விடும் வீட்டுக்குக் கிடையாது. காப்பீடும் குடியிருப்புச் சங்கக் கட்டணமும் சேர்த்து 230 டாலர். ஆக மாதச் செலவு 3,280 டாலர். அன்று கிடைத்த வாடகை 2,700.

இதைப் படிக்கும்போதே கேள்வி எழும்: ஆள் இருக்கும் மாதத்திலேயே 580 டாலர் துண்டு விழும் வீட்டை ஏன் வாங்கினார்? வாடகை ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறும், நான்கைந்து ஆண்டில் துண்டு அடைந்துவிடும், இடையில் வீட்டின் விலையும் ஏறும் என்பது அவருடைய ஸ்ப்ரெட்ஷீட். அந்தக் கணிப்பைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்த ஆண்டு அதே தாளை வைத்துக்கொண்டு வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் அந்தத் தாளில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பும் ஒரு கட்டம் இருந்தது. 'காலி விகிதம்: 5 சதவீதம்.'

ஐந்து சதவீதம் என்ற எண்

ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்றால் 18 நாள். நூறு வீடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது பொருளுள்ள எண்: ஐந்து வீடு எப்போதும் காலியாக இருக்கும், மற்ற 95 வீட்டு வாடகை அதைத் தாங்கும். ஒரே வீடு வைத்திருப்பவருக்கு ஐந்து சதவீதக் காலி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒவ்வொரு மாதமும் ஒன்று சைபர், இல்லாவிட்டால் நூறு. அவர் கணிக்க வேண்டியவை இரண்டே எண்கள். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள்? மாறும்போது எத்தனை நாள் காலியாக நிற்கும்?

இரண்டாவது எண்ணை வீட்டுக்காரரின் சாமர்த்தியத்தை விட அந்த வட்டாரத்தில் அன்றைக்கு எத்தனை வீடு காலியாக இருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் வாடகை வீடுகளின் காலி விகிதம், நாடு முழுவதற்கும் 2021 இறுதியில் 5.6 சதவீதமாக இருந்து, 2025 தொடக்கத்தில் 7 சதவீதத்தைத் தாண்டியது. 2009-இல் 11 சதவீதத்தைத் தொட்டதோடு ஒப்பிட்டால் இது பெரிய ஏற்றமாகத் தெரியாது. ஆனால் நாட்டுச் சராசரி எந்த ஊரையும் காட்டுவதில்லை. ஆஸ்டின் வட்டாரத்தின் அடுக்குமாடிகளில் அதே காலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் காலியாக இருந்தன. கேட்கும் வாடகை 2022 கோடையின் உச்சத்திலிருந்து அடுத்த மூன்றாண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது.

நண்பர் இதை ஆரம்பத்தில் நம்பவில்லை. 'ஜனங்க வந்துக்கிட்டேதானே இருக்காங்க, அப்புறம் எப்படிக் காலியாகும்?' என்றார். ஜனங்கள் வந்துகொண்டிருந்ததும் உண்மை, வீடு காலியானதும் உண்மை. இவை இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

2021-இல் எழுதப்பட்ட காலி

ஒரு வட்டாரத்தில் காலி வீடு கூடுவதற்கு மக்கள் வெளியேற வேண்டிய அவசியம் இல்லை; வருகிறவர்களை விட வேகமாக வீடுகள் கட்டி முடிந்தால் போதும். 2021-இல் ஆஸ்டின் பெருநகர வட்டாரத்தில் ஏறத்தாழ 50,000 வீடுகளுக்குக் கட்டுமான அனுமதி வழங்கப்பட்டது. மக்கள்தொகைக்கு இணையாக வைத்துப் பார்த்தால் நாட்டின் பெரிய பெருநகரங்களில் அதுவே முதலிடம். தனி வீட்டைக் கட்டி முடிக்க ஓராண்டுக்குள்ளாக ஆகும். முந்நூறு வீடு கொண்ட அடுக்குமாடிக்கு இரண்டாண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வட்டி சைபருக்கு அருகில் இருந்த நாளில் அனுமதி வாங்கியவை, மத்திய வங்கி 2022 மார்ச்சிலிருந்து வட்டியை ஏற்றி 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை கொண்டுபோய் நிறுத்திய பிறகு, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. நாடு முழுவதும் 2024-இல் கட்டி முடிந்த அடுக்குமாடி வீடுகள் ஏறத்தாழ 6 லட்சம். பல பத்தாண்டுகளாக அவ்வளவு முடிந்ததில்லை.

ஆகவே 2023 டிசம்பரில் நண்பரின் வீட்டைக் காலியாக்கிய காரணங்களில் பெரும்பகுதி, அவர் வீட்டை வாங்குவதற்கு முன்பே அரசாங்கப் பதிவில் எழுதப்பட்டுவிட்டது. அனுமதி எண்ணிக்கை மாதாமாதம் வெளியாகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த நிறுவனம் வருகிறது என்ற செய்தியை எல்லோரும் படித்தோம். எத்தனை வீடு வருகிறது என்று நான் உட்பட யாரும் போய்ப் பார்க்கவில்லை.

புறநகரில் இது இன்னும் கடுமையாக அடிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நகரத்தின் நடுவில் நிலம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அனுமதிக்கு அலைய வேண்டும். லியாண்டரிலும் லிபர்ட்டி ஹில்லிலும் ஜார்ஜ்டவுனிலும் அடுத்த மேய்ச்சல் நிலம் எப்போதும் தயாராக இருக்கிறது. வாடகை ஏறினால் அங்கே உடனே புல்டோசர் இறங்கும். ஏற்றம் நிலைக்க முடியாத இடத்தில் ஏற்றத்தை நம்பி வாங்குவதுதான் இந்த முதலீட்டின் அடிப்படைப் பலவீனம் என்பது என் கருத்து.

போட்டி போட்டவர்கள்

தன் வீட்டுக்குப் போட்டி என்று நண்பர் நினைத்தது அதே குடியிருப்பில் வாடகைக்கு இருந்த மற்ற நான்கு தனி வீடுகளை. அவருடைய ரியல்ட்டர் (வீட்டுத் தரகர்) எடுத்துக்கொடுத்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் அவைதான் இருந்தன. உண்மையில் போட்டி மூன்று திசையிலிருந்து வந்தது.

முதலாவது, நெடுஞ்சாலையோரம் புதிதாகத் திறந்த அடுக்குமாடிகள். கட்டி முடிந்த புதிதில் முந்நூறு வீட்டையும் ஓராண்டுக்குள் நிரப்பியாக வேண்டிய கட்டாயத்தில் அவை இருந்தன; கட்டுமானக் கடனை நீண்டகாலக் கடனாக மாற்ற வேண்டுமானால் வங்கி முதலில் கேட்பது எத்தனை வீடு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான். ஆகவே வாடகைப் பலகையில் எண்ணைக் குறைக்காமல், 'எட்டு வாரம் இலவசம்' என்று பேனர் கட்டினார்கள். உதாரணத்துக்கு, மாதம் 2,000 டாலர் வாடகையில் 14 மாத ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதத்தை விட்டுக்கொடுத்தால், குடியிருப்பவர் தருவது மொத்தம் 24,000. மாதத்துக்கு 1,714 தான் ஆகிறது. இணையத்தில் வாடகை பார்ப்பவர் கண்ணுக்கு 2,000 தெரியும். நண்பர் பார்த்ததும் அந்த 2,000-ஐத்தான்.

இரண்டாவது, புது வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள். 2023 அக்டோபரில் வீட்டுக் கடன் வட்டி எட்டு சதவீதத்தை நெருங்கியபோது, விற்காமல் தேங்கிய வீடுகளைத் தள்ளிவிட, தங்கள் செலவில் வட்டியைக் குறைத்துக் கொடுத்தார்கள். புறநகரில் நான்கு படுக்கையறை வாடகை வீடு தேடும் குடும்பம் பெரும்பாலும் நல்ல வருமானமும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள குடும்பம். வீடு வாங்க முடியாததால் அல்ல, வட்டி இறங்கட்டும் என்றுதான் அது வாடகையில் இருக்கிறது. நண்பர் வீட்டில் ஒன்றரை ஆண்டு இருந்த குடும்பம் அப்படித்தான் போனது. இரண்டு மைல் தள்ளி ஒரு புது வீட்டை வாங்கிக்கொண்டது. வாடகை கூடுதல் என்றோ வீட்டில் குறை என்றோ அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாவது கூட்டம் எந்தப் புள்ளிவிவரத்திலும் முன்கூட்டித் தெரியாதது. 2020-21-இல் மூன்று சதவீத வட்டிக்கு வாங்கிவிட்டு இப்போது வேறு ஊருக்குப் போகிறவர்கள், அந்தக் கடனை விட மனமில்லாமல், விற்காமல் வாடகைக்கு விட்டார்கள். அவர்களுடைய மாதச் செலவு நண்பருடையதை விட மிகக் குறைவு என்பதால் 2,300-க்கு விட்டாலும் அவர்களுக்குக் கையைக் கடிக்கவில்லை.

அந்த 105 நாள்

முதல் ஒப்பந்தம் 2022 ஜூனில் 18 மாதத்துக்குப் போடப்பட்டது. (லீஸ் என்றால் ஊரில் நாம் சொல்லும் மொத்தப்பண லீஸ் அல்ல, இங்கே சாதாரண வாடகை ஒப்பந்தத்துக்கே அந்தப் பெயர்.) பன்னிரண்டை விடப் பதினெட்டு மாதம் பாதுகாப்பு என்று அப்போது மகிழ்ந்தார். அது நவம்பர் 30 அன்று முடிந்ததுதான் முதல் அடி. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வீடு மாறுவது பள்ளி விடுமுறையில், மே முதல் ஆகஸ்ட் வரை. நவம்பர் இறுதியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் பள்ளிக்கூடத்துக்காக வீடு தேடுபவர் அரிது.

வீட்டைத் தயார் செய்வதிலேயே இரண்டு வாரம் போனது. சுவருக்கு வண்ணம், கம்பளம் சுத்தம், புதிதாகக் குடிவருபவர் வந்த ஏழு நாளுக்குள் பூட்டை மாற்றியிருக்க வேண்டுமென்று டெக்சஸ் சட்டம் சொல்வதால் அதற்கொரு ஆள், முப்பது நாளுக்குள் வைப்புத்தொகைக் கணக்கு. ஸ்ப்ரெட்ஷீட்டின் 18 நாளில் 14 நாள் இதிலேயே தீர்ந்தது.

வாடகையை 2,700 என்றே போட்டார். கிறிஸ்துமஸுக்கு முன் 2,650, ஜனவரி நடுவில் 2,600, பிப்ரவரியில் 2,500, மாத இறுதியில் 2,395. ஒவ்வொரு முறையும் சந்தை அதற்குள் ஒரு படி கீழே போயிருந்தது. விளம்பரத்தின் ஓரத்தில் எத்தனை நாளாக வீடு காலி என்பது தெரிந்துகொண்டே இருக்கும். ஐம்பது, அறுபது என்று அந்த எண் ஏறியபிறகு வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கும் முன்பே 'என்ன குறை?' என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வந்த இளம் தம்பதி தமிழர்கள். சமையலறையில் நின்றபடியே அந்தப் பையன் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினான். 'அண்ணா, உங்க வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அபார்ட்மெண்ட்ல ரெண்டு மாசம் ஃப்ரீ குடுக்கறாங்க. புல்லு வெட்டற வேலையும் இல்ல. நீங்க 2,400-க்கு வருவீங்களா?' நண்பர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. அந்த 2,400, கடைசியில் கிடைத்ததை விட ஐம்பது டாலர் அதிகம்; இரண்டு மாதம் முன்னதாகவும் வந்திருக்கும்.

அதே வாரம் கடும் குளிர் இறங்கியது. 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சஸ் முழுவதும் குழாய்கள் வெடித்ததை யாரும் மறக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் ஹீட்டரை 60 பாரன்ஹீட்டில் ஓட விட்டு, மூன்று இரவு தொடர்ந்து அலுவலகம் முடிந்து அங்கே போய், எல்லாக் குழாயையும் சொட்ட விட்டு, வெளிக்குழாய்களுக்குத் துணி சுற்றிவிட்டு வந்தார். அந்த இரவுகளில் ஒன்றில்தான் காப்பீட்டுப் பத்திரத்தை முழுமையாகப் படித்தார். வீடு தொடர்ந்து 60 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் சில சேதங்களுக்கு இழப்பீடு கிடையாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. அன்றைக்கு 46-ஆவது நாள். பல காப்பீடுகளில் இந்த வரம்பு 30 நாள்தான். வாடகை வீடு வைத்திருப்பவர்கள் தங்கள் பத்திரத்தில் இந்த ஒரு பக்கத்தையாவது பார்த்துவிடுவது நல்லது. அறுபதாவது நாள் நெருங்கும் முன், காலி வீட்டுக்கென்று கூடுதல் கட்டணம் கட்டி நிபந்தனையைத் தளர்த்திக்கொண்டார்.

மார்ச் 15 அன்று 2,350 டாலருக்கு ஒரு குடும்பம் வந்தது.

விலையா, நாளா

மாதம் 2,700 வாடகை வரும் வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் போவது 2,700. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 225. அதாவது ஒரு மாதக் காலியைத் தவிர்க்க வாடகையில் மாதம் 225 டாலர் வரை குறைத்தாலும் அந்த ஆண்டுக்கு நட்டமில்லை. இந்த ஒரு வகுத்தலை நண்பர் மார்ச் வரை போடவில்லை. முதல் வாரத்திலேயே 2,450 என்று போட்டு மூன்று வாரத்தில் ஆள் வந்திருந்தால், டிசம்பரிலிருந்து அடுத்த நவம்பர் வரை கிடைத்திருக்கும் வாடகை ஏறத்தாழ 27,700 டாலர். உண்மையில் எட்டரை மாதத்துக்கு 2,350 வீதம் கிடைத்தது 19,975. வித்தியாசம் 7,700-க்கு மேல். காலியான மூன்றரை மாதமும் கையிலிருந்து கட்டியது ஏறத்தாழ 11,500. மின்சாரமும் புல் வெட்டியதும் ரியல்ட்டர் கமிஷனும் தனி.

குறைத்துப் போட்டிருந்தால் மூன்று வாரத்தில் ஆள் வந்திருப்பார்கள் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்கலாம். நிச்சயம் இல்லைதான். ஆனால் அந்த டிசம்பரில் அதே குடியிருப்பில் 2,400-ஐ ஒட்டிப் போடப்பட்ட இரண்டு வீடுகள் மாதம் முடிவதற்குள் போயின என்பது அவர் ரியல்ட்டர் அனுப்பிய பட்டியலிலேயே இருக்கிறது.

ஏன் குறைக்கவில்லை என்று கேட்டேன். மாதச் செலவு 3,280 இருக்கும்போது 2,450 என்று எழுதக் கை வரவில்லை என்றார். நேர்மையான பதில், தவறும் அதற்குள்தான் இருக்கிறது. அவருடைய கடன் எவ்வளவு என்பது வீடு தேடி வருகிறவருக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். அடுக்குமாடி நிறுவனம் முதலில் ஆளை நிரப்பிவிட்டுப் பிறகு விலையை ஏற்றுகிறது; தனி வீட்டுக்காரர் விலையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்குக் காத்திருக்கிறார். காலி பெருகும் சந்தையில் இரண்டாமவர் முதலாமவருக்கு வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்கிறார் என்றே சொல்லலாம்.

வரியில் இந்த நட்டம் உதவும் என்று அவர் நம்பியிருந்தார். அதுவும் நடக்கவில்லை. வாடகை வீட்டு நட்டத்தில் 25,000 டாலர் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை, வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டியதும் தேயத் தொடங்கி 1,50,000-இல் முற்றிலும் மறைகிறது. கணவனும் மனைவியும் மென்பொருளில் இருக்கும் வீட்டில் அந்த வரம்பு எப்போதோ கடந்துபோன ஒன்று. நட்டம் அழிந்துவிடாது, வீட்டை விற்கும் ஆண்டு வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். ஆனால் 2024 ஜனவரியில் வீட்டுக் கடன் கட்ட அது பணமாக வரவில்லை.

2022 ஜூனிலிருந்து 2024 நவம்பர் வரையான முப்பது மாதத்துக்குக் கணக்கிட்டால் காலி விகிதம் 11 சதவீதத்துக்கு மேல். ஸ்ப்ரெட்ஷீட்டில் இருந்த ஐந்தின் இரு மடங்கு. ஒரே ஒரு முறை ஆள் மாறியதில் வந்தது இது.

புதிய ஒப்பந்தத்தை 15 மாதத்துக்குப் போட்டார். அது ஜூன் நடுவில், பள்ளி விடுமுறைக்குள் முடியும். 2025 ஏப்ரலில், முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, அவரே குடியிருப்பவர்களை அழைத்து, அதே 2,350-க்கு இன்னும் ஓராண்டு தொடர்கிறீர்களா என்று கேட்டார். பாத்திரம் கழுவும் இயந்திரம் சத்தம் போடுகிறது, மாற்றித் தந்தால் தொடர்கிறோம் என்றார்கள். அன்று மாலையே கடைக்குப் போய் ஒன்றை வாங்கினார், 700 டாலர். ஸ்ப்ரெட்ஷீட்டில் 'காலி விகிதம்' என்றிருந்த கட்டத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'ஆள் மாறும் மாதம்' என்றும் 'காலி நாள்' என்றும் இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறார். இரண்டாவதில் இப்போதைக்கு 60 என்று எழுதியிருக்கிறார்.